கோரிமேட்டுச் சரிவில் நியூட்ரல்

ஒரு டிரைவரைப் பற்றி நான் பொய் சொன்னேன். அவர் செய்தது தவறுதான். ஆனால் அந்தத் தவறைச் செய்ய வைத்தவன் நான். அதிகாரி வந்து கேட்டபோது, "அப்படிச் செய்யக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்" என்றேன். ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் நடந்ததற்கெல்லாம் அந்த வாக்கியத்துக்குப் பங்கு உண்டு.

வாகனப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், டீசல் செலவைக் குறைக்க ஏதாவது யோசனை சொல்லுங்கள் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறீர்கள். டயர் காற்று, டிரெய்லர் மேல் கட்டும் தார்ப்பாய், ஏர் ஃபில்டர் எல்லாம் நீங்களே படித்துக்கொள்வீர்கள். என்னிடம் இருப்பது இந்த ஒரு கதைதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், உப்பளம் பகுதியில், ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் வாகனங்களுக்கு நான் பொறுப்பாளர். முதலாளி பழைய பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அவரை டிரைவர்கள் எல்லாரும் பிரெஞ்சு வழக்கப்படி, ஐயா என்பதற்குப் பதிலாக, 'முசியே' என்றுதான் கூப்பிடுவார்கள். திட்டும்போதும் முசியேதான். எங்களிடம் டீசல் பிக்அப் வண்டிகள் சில இருந்தன. சாதாரண நாட்களில் ஒயரும் விளக்கும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட் சந்துகளிலும் ஓட்டல் வாசல்களிலும் நிற்கும். முகூர்த்த நாள் வந்தால், பின்னால் கொக்கியில் ஜெனரேட்டர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கல்யாண மண்டபங்களுக்கு ஓடும். ஒரே வண்டிதான், ஆனால் அது இரண்டு விதமான உழைப்பு. காலியாக ஓடும்போது லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுக்கிற வண்டி, ஜெனரேட்டரை இழுக்கும்போது எட்டு கொடுத்தால் பெரிய விஷயம். வாகனப் பொறியியல் படித்துவிட்டு வந்தவன் நான். எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது.

டீசல் விலை ஏறிக்கொண்டே இருந்தது. முசியே என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது பண்ணுய்யா. வண்டி குடிக்கிறத பாத்தா எனக்கே மயக்கம் வருது" என்றார். நான் பண்ணியது ஒரு போர்டு. அலுவலக வாசலில் கரும்பலகை மாட்டி, ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு வண்டியின் மைலேஜையும் எழுதினேன். முதலில் வருகிறவருக்குப் பரிசு. கடைசியில் வருகிறவருக்கு, எல்லார் முன்னாலும் என்னுடைய கேள்விகள்.

கடைசியில் வந்தவர் ஏறக்குறைய எப்போதும் ஏழுமலை. வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆலையில் வேலை பார்த்து, ஆலை மூடியதும் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். நிதானமான கை. அதனாலேயே டிரெய்லர் வேலையெல்லாம் அவருக்குத்தான் போகும்.

"சார், மத்தவங்க வண்டி வெறும் வண்டியா ஓடுது. நான் பின்னாடி ஒரு யானைய கட்டி இழுத்துகினு போறேன். ரெண்டையும் ஒரே போர்டுல எழுதனா எப்படி சார்?"

"யானைக்கு எவ்வளவு டீசல் ஊத்தறீங்கன்னு சொல்லுங்க ஏழுமலை, தனி போர்டு போட்டுடலாம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கேட்டது நியாயமான கேள்வி. நான் அதைச் சிரிப்பாக்கிவிட்டேன்.

ஒரு மாதம் அவருடைய எண் ஐந்துக்குக் கீழே இறங்கிவிட்டது. டீசல் திருட்டுதான் என்று இன்னொரு டிரைவர் என் காதில் ஓதினார். அவர் பெயர் வேண்டாம். ஏழுமலையை நிற்க வைத்துக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: ஒரு மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஜெனரேட்டர் டேங்க் காய்ந்துவிட்டது. வெளியே கரண்ட் இல்லை. நாதஸ்வரக்காரர் இருட்டிலேயே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். இவர் பிக்அப் டேங்க்கில் குழாயை விட்டு, வாயால் உறிஞ்சி, ஜெனரேட்டருக்கு ஊற்றியிருக்கிறார்.

"பொண்ணு மொகம் தெரியாம தாலிய யாருக்கு கட்டறது சார்? அதான் ஊத்திட்டன். வாயெல்லாம் டீசல். மொத பந்தியிலயே உக்கார வெச்சி பாயசம் குடுத்தாங்க. ரெண்டு நாளைக்கு பாயசமும் டீசலாதான் இருந்துச்சி."

அதைக் கேட்டு நானும் சிரித்தேன். ஆனால் போர்டில் எண்ணைத் திருத்தவில்லை. போட்ட எண் போட்டதுதான் என்றேன். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு எண்ணைச் சுவரில் எழுதுவதற்கு முன்னால், அந்த மாதம் அந்த வண்டி என்ன செய்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்ட பிறகும் மாற்றவில்லை என்றால் கேட்டதற்கே அர்த்தம் இல்லை. அன்றைக்கு நான் அப்படித்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஏழுமலையின் எண் ஏற ஆரம்பித்தது. டிரெய்லரோடு ஓடியும் ஏறியது. எனக்கு ஆச்சரியம். ஒருநாள் திண்டிவனம் சாலைப் பக்கமிருந்து ஜெனரேட்டரோடு திரும்பும்போது நானும் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வண்டி மெதுவாக வந்தது. தார்ப்பாய் முறுக்கிக் கட்டியிருந்தது, படபடக்கவில்லை. கோரிமேட்டிலிருந்து ஊருக்குள் இறங்கும் சரிவு வந்ததும் கியரைத் தட்டி நியூட்ரலுக்கு விட்டார். எஞ்சின் சத்தம் அடங்கி, வண்டி தானாக உருண்டது. பின்னால் டிரெய்லர் தள்ள, நாங்கள் வழுக்கிக்கொண்டு இறங்கினோம்.

இறங்குகிற வரைக்கும் அவர் சாலையைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார். திட்டுவேனா என்று பார்த்தார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் பிரேக் மட்டும்தான். பின்னால் பாரம் இருந்தால் பிரேக்கை மிதிக்கும்போது அந்தப் பாரம் வண்டியை முட்டித் தள்ளும். இன்னொன்றும் இருந்தது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் எஞ்சின் சரிவில் ஏறக்குறைய எதையும் குடிப்பதில்லை. நியூட்ரலில்தான், அணையாமல் இருப்பதற்காக அது குடித்துக்கொண்டே இருக்கிறது. வண்டி கொஞ்சம் கூடுதல் தூரம் உருளும், அவ்வளவுதான் லாபம். இதையெல்லாம் வகுப்பில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

நான் சொன்னது: "பரவாயில்லையே ஏழுமலை. கெட்டிக்காரர்தான்."

அவருடைய எண் ஏறியதற்கு மெதுவாக ஓட்டியதும் முறுக்கிக் கட்டிய தார்ப்பாயும், அந்த மாதம் முகூர்த்தங்கள் குறைவாக இருந்ததும் காரணமாக இருந்திருக்கலாம். எதனால் ஏறியது என்று நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது நியூட்ரல்தான். அந்த மாதம் அவருக்குப் பரிசு, ஓர் எவர்சில்வர் டிபன் கேரியர். கொடுக்கும்போது எல்லா டிரைவர்களையும் பார்த்து, "யானையக் கட்டிக்கிட்டே இவர் முதல்ல வந்திருக்கார். மேட்டுல எப்படி இறங்கறார்னு பாத்துக் கத்துக்குங்க" என்றேன். கைத்தட்டினார்கள். அதாவது, நான் அனுமதித்தேன் என்பது மட்டுமில்லை. மற்றவர்களுக்கும் அதையே கட்டளையாகப் போட்டேன்.

விபத்து மழைக்காலத்தில் ஒரு காலையில் நடந்தது. தூறல் நின்று ரோடு பளபளவென்று இருந்த நேரம். ஏழுமலை டிரெய்லரோடு அதே சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிய ஒரு சைக்கிள் ரிக்‌ஷா குறுக்கே திரும்பியது. அவர் பிரேக்கை மிதித்தார். பிக்அப் நின்றிருக்கும். டிரெய்லர் நிற்கவில்லை. பின்னாலிருந்து முட்டி, வண்டியைக் குறுக்காக மடக்கியது. ரிக்‌ஷாவின் ஓரத்தை உரசியதும் அவர் ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் ஒடித்து, மூடியிருந்த ஒரு கடைச் சுவரில் கொண்டுபோய் மோதினார். பிள்ளைகளுக்குச் சிராய்ப்பு. ரிக்‌ஷாக்காரருக்குக் கை முறிந்தது. ஏழுமலையின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது.

நான் போனபோது அவரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். வண்டியைச் சோதிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். கேபினுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"கியர் நியூட்ரல்ல கெடக்கு. டிரெய்லரோட, எறக்கத்துல. உங்க கம்பெனியில இப்டித்தான் ஓட்டச் சொல்றீங்களா?"

பக்கத்தில் முசியே நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கவிழ்ந்து கிடந்த ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை யாரும் மிரட்டவில்லை. யாரும் கண்ஜாடை காட்டவில்லை. நானேதான் சொன்னேன்: "இல்ல சார். நியூட்ரல்ல போகக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்கேன். அவரா பண்ணது."

அதையே போலீஸிலும் சொன்னேன். இரண்டாவது முறை சொல்லும்போது இன்னும் எளிதாக வந்தது.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழுமலையின் மனைவி காமாட்சி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த டிபன் கேரியரிலிருந்து கஞ்சியை எடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. ஏழுமலை என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்க சார். ஒக்காருங்க. புள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல."

காமாட்சி நீட்டிய கஞ்சியை ஒரு வாய் குடித்தார். பிறகு கேட்டார்: "நீங்க வேணாம்னு சொன்னீங்களாமே சார். எப்ப சொன்னீங்க? நானும் யோசன பண்ணிகினே இருக்கன். எனக்கு ஞாபகமே வர்ல."

குத்திக் காட்டினாரா, மயக்க மருந்தின் கலக்கத்தில் உண்மையாகவே கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கால் ஆறியது, கொஞ்சம் சாய்ந்து நடந்தார். ஆனால் சொல்லியும் கேட்காமல் நியூட்ரலில் இறங்கி வண்டியைக் கவிழ்த்தவர் என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவியிருந்தது. யாரும் அவரை நம்பி வண்டி கொடுக்கவில்லை. அஜாக்கிரதையாக ஓட்டிக் காயம் ஏற்படுத்தியதாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு எதிராகப் போனால் லைசன்சும் போய்விடும். அலுவலகத்தில் போர்டு மாட்டியபடியே இருந்தது. ஆனால் எந்த டிரைவரும் அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் காலை பெரிய மார்க்கெட்டில் கீரை வாங்கக் குனிந்தேன். கீரைக்கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது காமாட்சி. ஊரிலிருந்து கீரை கொண்டுவந்து விற்க ஆரம்பித்திருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை.

"வாங்க சார். அரைக்கீரை இன்னைக்குப் பறிச்சது." கட்டை எடுத்துத் தண்ணீர் உதறினார். "சார், உங்கள ஒண்ணு கேக்கலாமா? நியூட்ரல்னா என்னா சார்?"

"ஏம்மா?"

"அவரு தூக்கத்துலகூட அதத்தான் சொல்றாரு. கேட்டா, உனுக்குப் புரியாது போடின்றாரு. நீங்க படிச்சவரு, புரியற மாதிரி சொல்லுவீங்களே."

கீரைக்கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு நான் விளக்கினேன். எஞ்சின் ஒரு பக்கம் ஓடும். சக்கரம் இன்னொரு பக்கம் ஓடும். நடுவில் அது ரெண்டையும் கியர்தான் கோத்து வைத்திருக்கும். நியூட்ரல் என்றால் அந்தப் பிணைப்பு விட்டுப்போச்சு என்று அர்த்தம். எஞ்சின் வண்டியைப் பிடித்திருக்காது. வண்டி தானா போகும்.

கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, வேறு எந்த உள்ளர்த்தமும் இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்: "அப்போ அந்த நேரத்துல வண்டிய யாருதான் சார் புடிச்சிருப்பா?"

"டிரைவர்தான்மா. கால் பிரேக்ல இருக்கும். அது ஒண்ணுதான்."

"அவரு ஒருத்தரா?" என்றார். "அம்மாம் பெரிய ஜெனரேட்டர?"

கீரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று நான் அலுவலகம் போகவில்லை.

மறுநாள் முசியேவிடம் போய், கோர்ட்டில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார், காபி வரவழைத்தார்.

"உனக்கு என்னய்யா ஆச்சு? அவனுக்கு ஏதாவது உதவி பண்ணணும்னா பண்ணிடலாம். நீ எதுக்குத் தலையக் குடுக்கற? உன்னோட சேந்து கம்பெனி தலையும்ல போவுது."

"நான்தான் சொன்னேன் முசியே. கைதட்டினப்ப நீங்களும் இருந்தீங்க."

"நான் டிபன் கேரியருக்குத்தான் கைதட்டினேன்" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. என்னைப் போலவே அவருக்கும் ஞாபகம் வசதியாக வேலை செய்தது.

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றியது அரசுத் தரப்பு. நான் அவர்களுடைய சாட்சி. நியூட்ரலில் போகக் கூடாது என்று சொல்லியிருந்தீர்களா என்று அரசு வக்கீல் கேட்டார். "இல்லை. போகச் சொல்லியிருந்தேன். அதற்குப் பரிசும் கொடுத்தேன்" என்றேன்.

அவர் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். "போலீஸ்ல வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே?"

"அது பொய்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தெரிஞ்சே சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான் சொன்னேன்."

என்னை நீண்ட நேரம் கண்டித்தார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. இறக்கத்தில் பாரத்தோடு அப்படி ஓட்டியது டிரைவரின் தவறுதான், ஆனால் மேலதிகாரி சொல்லிச் செய்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பிறகு தீர்ப்பில் சொன்னார். ஏழுமலைக்கு அபராதத்தோடு முடிந்தது. லைசன்ஸ் பிழைத்தது. என் வேலை, சாட்சி சொன்ன வாரமே போனது. வழக்கு நடந்த காலமெல்லாம் அவர் இழந்ததோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

சாட்சி சொல்லிவிட்டு வந்த அன்று, வராந்தாவில் ஏழுமலை என் எதிரே வந்து நின்றார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. சாய்ந்து சாய்ந்து படியிறங்கிப் போனார்.

பிறகு இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கேயும் டிரெய்லர் வண்டிகள் இருந்தன. போர்டு வைக்கவில்லை. இழுக்கும் ஓட்டத்தையும் தனி ஓட்டத்தையும் பிரித்துப் பார்த்தோம், பரிசு கிடையாது. டிரைவர்களோடு வாரம் ஒரு முறை வண்டியில் ஏறினேன். அங்கே ஒரு டிரைவர் வேலை காலியானதும் ஏழுமலைக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் வந்தது: "உங்க கீழ வேணாம் சார். கோவம்லாம் இல்ல. வேணாம்." அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. பரிகாரம் செய்தே தீருவேன் என்று அடம்பிடிப்பதும் ஒருவகையில் என் சௌகரியத்துக்காகத்தான் என்று அப்போது புரிந்தது.

சில வருடங்கள் போயின. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டு, ஊருக்குள் திரும்ப ஷேர் டெம்போவில் ஏறினேன். கூட்டம். கண்ணில் மருந்து ஊற்றியிருந்ததால் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. உட்கார்ந்த பிறகுதான், ஓட்டுகிறவரின் முதுகு எனக்குத் தெரிந்த முதுகு என்று புரிந்தது. கண்ணாடியில் அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

சரிவு வந்தது. அவர் கியரைக் குறைத்தார். எஞ்சின் அலறியது. டெம்போ, பிடித்து இழுத்து வைத்த மாதிரி, மெதுவாக இறங்கியது. என் பக்கத்தில் இருந்த ஓர் இளைஞருக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னாண்ணே, இந்தக் கத்து கத்துது? நியூட்ரல்ல உடுங்க, சல்லுனு எறங்கும். டீசலும் மிச்சம்."

"சல்லுனு எறங்கிட்டு எங்க போப்போற?" என்றார் ஏழுமலை. "ஒன்னத் தேடி அங்க யாரு மால வச்சிகினு நிக்கறாங்க?"

டெம்போ முழுக்கச் சிரித்தது. இளைஞரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கண்ணாடியில் அவரும் சிரிக்கவில்லை.

நான் இறங்க வேண்டிய இடம் சரிவு முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. எழுந்தேன். கண் மங்கலாக இருந்ததால் படி சரியாகத் தெரியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு காலால் துழாவினேன். பின்னால் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. டெம்போ அசையவில்லை.

ஏழுமலை திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மெதுவா எறங்குங்க சார். வண்டிய புடிச்சிகினுதான் இருக்கேன்."